உள்ளே போகிறவன் மேலே வருவானா?

பாண்டி பஜாரில் இன்றைக்கும் நிற்கிற அந்த மாடி வைத்த ஜவுளிக்கடை நான் எடுத்த கட்டடம். பழைய ஏரி மண், தூண் நிற்காது என்றார்கள். நின்றுகொண்டிருக்கிறது, போய்ப் பாருங்கள். மயிலாப்பூரில் மாட்டுவண்டி நுழையாத ஒரு சந்து. செங்கல் அத்தனையும் தலைச்சுமையாகக் கொண்டுபோய் மெத்தை வீடு எடுத்தேன். ராஜா அண்ணாமலைபுரத்தில் சேற்றுக்கு நடுவே வரிசையாக வீடுகள். சைதாப்பேட்டையில் ஆற்றில் வெள்ளம் வந்து எல்லாச் சுவரும் விழுந்தபோது என் சுவர் மட்டும் விழவில்லை. கிணறு கேட்டால் கணக்குச் சொல்ல எனக்கே ஆகாது. மாம்பலத்தில் ஆரம்பித்து திருவான்மியூர் வரைக்கும் நான் உறை இறக்கிய கிணற்றில் குளித்து வளர்ந்த பிள்ளைகள் இன்றைக்குப் பேரன் எடுத்துவிட்டார்கள்.

இவ்வளவும் செய்தவன் மூன்றாம் வகுப்பு. தெற்கேயிருந்து கையில் ஒரு தகரப் பெட்டியோடு எழும்பூரில் வந்து இறங்கியவன்.

மந்தைவெளியிலிருந்து ஒரு அம்மாள் இந்தத் தொடரைப் படித்துவிட்டு எழுதியிருக்கிறார். "வாரா வாரம் நான் கட்டினேன், நான் நிறுத்தினேன் என்கிறீர்களே, பகவானுக்கு ஒரு பங்கும் கிடையாதா?"

உண்டு அம்மா. இந்த வாரம் அந்தப் பங்கை அளந்து கொடுத்துவிடுகிறேன். என் பங்கையும் அளந்து எடுத்துக்கொள்கிறேன்.

அரளிப்பூ

கண்ணை மூடினால் முதலில் வருவது ஒரு செவ்வரளிப் பூ. கருங்கல் அம்மன். எண்ணெய் ஏறி ஏறி முகமே வழுவழுத்துப்போன சின்னச் சிலை. அதன் இரண்டு தோளிலும் பூசாரி தண்ணீரில் நனைத்து ஒட்டவைத்த இரண்டு பூ.

திருவான்மியூரில் கடலுக்குப் போகிற வழியில், சவுக்குத் தோப்புக்கு நடுவே இருந்தது அந்தக் கோயில். கோயில் என்று சொன்னால் ஓலைக் கூரையும் நாலு கம்பமும்தான். அங்கே பூ வாக்குக் கேட்பார்கள். வலது தோள் பூ விழுந்தால் நடக்கும். இடது தோள் பூ விழுந்தால் நடக்காது.

கேட்கப் போனது எனக்காக இல்லை. ஏழுமலை பெண்சாதிக்காக.

ஏழுமலை என்னிடம் கிணறு இறங்குகிற ஆள். சைதாப்பேட்டைக்காரன். ஒல்லி உடம்பு. உறைக்குள்ளே உட்கார்ந்தால் அவனும் இருப்பான், மண்வெட்டியும் இருக்கும், வீசுவதற்கு இடமும் இருக்கும். அப்படி ஒரு வாகு. அவன் பெண்சாதி பச்சையம்மா சைதாப்பேட்டை மார்க்கெட்டில் கீரை விற்றாள். அவள்தான் ஒரு நாள் காலையில் என் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். பின்னால் அவன் இளித்துக்கொண்டு நின்றான்.

"மேஸ்திரி, அந்த வக்கீலு மனையில மட்டும் இந்தாள எறக்காத. வேற எங்கனா இட்டுக்கினு போ."

"ஏன் தாயி?"

"மத்தியானம் படுத்துக்கினு இருந்தேன். சொப்பனம். வாசல்ல வந்து நிக்குது இந்தாளு. சொட்டச் சொட்ட ஈரம். உள்ள வாயேன்னா வரமாட்டேங்குது. வந்துட்டேன், வந்துட்டேன்னு சொல்லிக்கினே நிக்குது."

"ஈரமா நின்னேன்னா தண்ணி கெடைச்சிடிச்சுன்னு அர்த்தம் மேஸ்திரி," என்றான் ஏழுமலை. "நல்ல சொப்பனம். இதுக்குப் போயி கண்ணு கலங்குது."

"நீ வாய மூடு."

அவளிடம் நான் வாக்குக் கொடுத்திருக்கலாம். என் வாக்குக்கு மெட்ராஸில் அப்போதே நல்ல பேர். ஆனாலும் ஏனோ கொடுக்க வாய் வரவில்லை. "என் வாக்கை விடு தாயி. அம்மன்கிட்டயே வாங்கிருவோம்" என்றேன்.

அப்படித்தான் போனோம். என்ன கேட்பது என்று பூசாரி கேட்டார். பச்சையம்மா யோசிக்கவே இல்லை. "உள்ள போறவன் மேல வருவானா? அத்தக் கேளு."

நின்றோம். வெயில் ஏறியது. காற்று வந்தது, போனது. பூ இரண்டும் அசையவில்லை. ஏழுமலைகூட இளிப்பை நிறுத்திவிட்டான். பிறகு வலது தோளிலிருந்து பூ நழுவி, அம்மன் மார்பில் ஒரு கணம் தங்கி, விழுந்தது. ஈரத் தரையில் அரளிப்பூ விழுந்தால் சத்தம் கேட்காது. எனக்குக் கேட்டது.

பச்சையம்மா அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"வாக்கு வந்துடிச்சு," என்றார் பூசாரி. "நடுவுல சந்தேகப்பட்டுக்கினு மறுபடி வந்து பூ கேக்காதீங்க. அவளுக்குப் புடிக்காது."

மூலைக் கிணறு

அந்த மனையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மெட்ராஸில் தண்ணீர் வறண்ட வருஷங்கள் அவை. குழாயைத் திறந்தால் சீழ்க்கை அடிக்கும், அவ்வளவுதான். குடத்தோடு பெண்கள் தெருத் தெருவாக அலைந்தார்கள். வசதி இருந்தவர்கள் தெற்கே கடற்கரை மணலில் மனை வாங்கிக் கிணறு வெட்டினார்கள். இப்போது திருவான்மியூரில் மூச்சு விட இடமில்லை. அப்போது பஸ் வந்து திரும்புகிற இடத்தைத் தாண்டினால் சவுக்கும் தாழையும் மணலும்தான்.

மனைக்காரர் மயிலாப்பூர் வக்கீல். பேர் வேண்டாம், அவர் இப்போது இல்லை. நல்ல மனுஷர். "ஆத்துல ஒரு பொட்டு ஜலம் வரலை மேஸ்திரி. இங்க ஊத்து கெடைச்சா வீட்டைக் கட்டிண்டு வந்துடலாம்னு நெனச்சுண்டிருக்கேன்" என்பார். வேலை நடக்கும்போது குடையைப் பிடித்துக்கொண்டு முழு நாளும் கூடவே நிற்பார்.

மனையின் மூலையில், நாங்கள் உறை இறக்கிய இடத்திலிருந்து ஐந்தாறடி தள்ளி, தாழம்புதருக்குப் பக்கத்தில், ஒரு பழைய செங்கல் கிணறு இருந்தது. யார் வெட்டியது என்று யாருக்கும் தெரியாது. வாயில் பனங்கட்டை போட்டு மூடியிருந்தார்கள். ஆடு மேய்க்கிறவர்கள் ஆட்டை அந்தப் பக்கம் விடமாட்டார்கள். தடுக்கவேண்டிய அவசியமும் இல்லை, ஆடே போகாது. மனை முழுக்கக் காக்காய் உட்காரும். அந்தக் கட்டை மேல் ஒரு காக்காய் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஒருநாள் மத்தியானம் சோற்றுத் தூக்கை வைக்க நிழல் தேடி அந்தக் கட்டைப் பக்கம் போனேன். இடுக்கு வழியாகக் காலில் காற்றுப் பட்டது. ஐஸ் கடைக் கதவைத் திறந்தால் வருகிற குளிர். தண்ணீர் வற்றிப்போன கிணறு. வெளியே வெயில் மணலைப் பொரித்துக்கொண்டிருக்கிறது. நான் தூக்கை எடுத்துக்கொண்டு வெயிலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

பேர் சொல்லக் கூடாது

எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு. கிணற்றுக்குள் இறங்கியவனைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. உச்சி வேளையில் கூப்பிடவே கூடாது. எல்லாம் தட்டுச் சைகைதான். உள்ளே இருப்பவன் கடப்பாரையால் உறையில் ஒரு தட்டு தட்டினால் மண் கூடையை இழு. இரண்டு தட்டினால் இறக்கு. விடாமல் தட்டினால் என்னை இழு.

ஏன் என்று கேட்டால் ஒவ்வொருத்தரும் ஒன்று சொல்வார்கள். நான் கேட்டதைச் சொல்கிறேன்.

சைதாப்பேட்டையில் ஆற்றங்கரைக்குக் கிட்டே ஒரு கிணறு இறக்கினோம். ஏழுமலையை எனக்குத் தெரிவதற்கு முந்திய காலம். கன்னியப்பன் என்று ஒருத்தன் கப்பிக் கயிறு பிடிக்கிறவன். அவனுக்குத் தம்பி ஒருத்தன், உள்ளே இறங்குகிறவன். மத்தியானம் கன்னியப்பன் பீடி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தான். புத்தி எங்கேயோ. கிணற்றை எட்டிப் பார்த்து, "டேய் கோவிந்தா!" என்று கூப்பிட்டுவிட்டான்.

"இன்னா?" என்று கீழேயிருந்து பதில் வந்தது.

கோவிந்தன் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

கயிற்றைச் சுருட்டினோம், கப்பியைக் கழற்றினோம், போய்விட்டோம். அந்தக் கிணறு அப்படியே நின்றது. அதன் பிறகு கன்னியப்பன் எந்தக் கிணற்றையும் குனிந்து பார்க்க மாட்டான். முகத்தைத் திருப்பிக்கொண்டேதான் கயிறு இழுப்பான்.

உச்சி வேளை

வக்கீல் மனையில் உறை நன்றாகவே இறங்கிக்கொண்டிருந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சிமெண்ட் வளையங்களை ஒன்றன் மேல் ஒன்றாக நிறுத்தி, உள்ளே ஆள் உட்கார்ந்து அடி மணலைச் சுரண்டுவான். சுரண்டச் சுரண்ட வளையம் தன் பாரத்தில் தானே கீழே போகும். மேலே அடுத்த வளையம் ஏற்றுவோம். அதைத்தான் உறை என்போம்.

பூ வாங்கி ஒரு வாரம் போயிருக்கும். மத்தியானம். நிழல் காலுக்கடியில் ஒளிந்துகொண்ட நேரம். சவுக்குத் தோப்பில் காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு இரைச்சல் இருக்கும். அது நின்றது. கன்னியப்பன் முதலில் கவனித்தான். "இன்னா மேஸ்திரி, காது அடச்சிக்கிச்சா?" என்றான்.

உள்ளேயிருந்து ஒரு தட்டு கேட்டது. கூடையை இழுத்தார்கள். கூடை காலி.

மறுபடி இறக்குவதற்குள் தரை மூச்சு விட்டது. அப்படித்தான் சொல்ல வருகிறது. நீளமாக ஒரு மூச்சு. உறைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு பழைய கிணற்றுப் பக்கமாகச் சாய்ந்தன. கிணறு இருந்த இடத்தில் ஒரு குழி தெரிந்தது. அப்புறம் குழி இருந்த இடத்தில் மணல் தெரிந்தது. அவ்வளவு சீக்கிரம்.

கடப்பாரைச் சத்தம் இல்லை. ஒன்றும் இல்லை.

வக்கீல் குடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். பாவம், அவருக்கு எங்கள் கட்டுப்பாடு என்ன தெரியும்? மணலில் மண்டி போட்டுக்கொண்டு, "ஏழுமலை! ஏழுமலை! ஏழுமலை!" என்று கத்தினார்.

"ஐயரே! பேரு சொல்லாத!" என்று கன்னியப்பன் அலறினான்.

பதில் வந்துவிட்டது.

"இங்கதான் கீறேன்."

அவசரமே இல்லை அந்தக் குரலில். பக்கத்து அறையில் இருக்கிறவன் சொல்வதுபோல் சொன்னது. ஏழுமலை குரல்தான். ஆனால் மணலுக்கு அடியிலிருந்து வரவில்லை. எங்கள் முதுகுக்குப் பின்னால், மூலையில், பனங்கட்டை போட்டு மூடிய பழைய கிணற்றிலிருந்து வந்தது.

என் ஆட்கள் கோழைகள் இல்லை. ஆற்று வெள்ளத்தில் நின்று வேலை செய்தவர்கள். கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஒருத்தன் செருப்பைக்கூட எடுக்கவில்லை. கன்னியப்பன் மட்டும் என் கையைப் பிடித்து இழுத்தான்.

"மேஸ்திரி, அது அவன் இல்ல. சைதாப்பேட்டையில கேட்டல்ல? அதேதான் இது. எறங்கினா உன்னையும் வச்சுக்கும். வா, பூடலாம்."

"நீ பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போயி, கடையில போன் இருக்கும், தீயணைப்பு வண்டிக்குச் சொல்லு," என்றேன். அவன் போனான். போன் செய்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். திரும்பி மட்டும் வரவில்லை.

நானும் வக்கீலும் நின்றோம். புது மணலைத் தோண்டலாமா? தோண்டத் தோண்டச் சரியும், அது எனக்குத் தெரியும். பழைய கிணற்றில் இறங்கலாமா? கன்னியப்பன் சொன்னது காதுக்குள்ளேயே நின்றது. என் கால் இரண்டும் மணலில் புதைந்தாற்போல் அசையவில்லை.

பச்சையம்மா கேட்டது

மார்க்கெட்டை முடித்துவிட்டு மத்தியானத்தில் பச்சையம்மா சோறு கொண்டுவருவாள். அன்றைக்கும் வந்தாள். ஓடுகிறவர்கள் அவளை வழியில் தாண்டித்தான் ஓடியிருக்க வேண்டும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை போல. தூக்கைக் கீழே வைத்தாள். சாய்ந்த உறையைப் பார்த்தாள். மணலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

வக்கீல் அழ ஆரம்பித்துவிட்டார். அவள் அழவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

பூ வாடித்தான் இருந்தது. வாடாத பூ என்று இப்போது கதை சொல்கிறார்கள். நான் பார்த்தேன், கறுத்துச் சுருங்கிப் போயிருந்தது.

"பூ விழுந்துச்சா இல்லியா மேஸ்திரி?"

"விழுந்துச்சு."

"சோத்தாங்கை பக்கம்தான?"

"சோத்தாங்கை பக்கம்தான்."

"அப்ப இன்னாத்துக்கு நின்னுக்கினு கீற?"

படித்தவர்கள் இதற்கு ஆயிரம் சொல்வார்கள். என் மண்டைக்கு எட்டியது இதுதான். அம்மன் வாக்கு மெய் என்றால் அவன் உயிரோடு இருக்கிறான். உயிரோடு இருக்கிறான் என்றால் அந்தக் குரல் அவன் குரல். அந்தக் குரல் அவன் குரல் என்றால் அவன் பழைய கிணற்றுச் சுவருக்குப் பக்கத்தில் இருக்கிறான். வாக்குப் பொய் என்றால்? அந்தப் பக்கம் நான் யோசனையை விடவில்லை. அதுதான் அன்றைக்கு நான் செய்த பெரிய வேலை. மற்றதெல்லாம் கை வேலை.

பனங்கட்டைகளைப் புரட்டினோம். கயிற்றை ஒரு சவுக்கு மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியை என் இடுப்பில் கட்டிக்கொண்டு, கடப்பாரையை எடுத்துக்கொண்டேன். வக்கீல் சட்டையைக் கழற்றிவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். "எனக்குப் பழக்கமில்லை மேஸ்திரி. ஆனா விடமாட்டேன்."

"புடிச்சிக்கினு சும்மா இரு ஐயரே. பேரு கீரு சொல்லிக் கூப்ட்டுடாத," என்றாள் பச்சையம்மா.

"அவர் பேரே எனக்குத் தெரியாதேம்மா."

நிஜம். மெட்ராஸில் யாருக்கும் தெரியாது. வந்த நாளிலிருந்து நான் மேஸ்திரிதான். ஆட்களுக்கும், வீட்டுக்காரர்களுக்கும், டீக்கடைக்கும். ஏழுமலைக்கும் என் பேர் தெரியாது. கேட்டதும் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே

இறங்கினேன். குளிர் முதலில் கணுக்காலில் ஏறியது, பிறகு இடுப்பில். மழை வருவதற்கு முன்னால் வருகிற மண் வாசனை. மாதக்கணக்கில் மழை பார்க்காத ஊரில். அடியில் சருகு, உடைந்த பானை, பாம்புச் சட்டை. மேலே கிணற்று வாய் தட்டு அளவுக்கு வெள்ளையாகத் தெரிந்தது. அதிலிருந்து ஒரு சத்தமும் கீழே வரவில்லை.

எந்தச் சுவரை உடைப்பது? சுற்றிலும் ஒரே செங்கல். தவறான பக்கம் உடைத்தால் மணல் மொத்தமும் என் மேல்.

"சுடலைமுத்து."

காதுக்குப் பக்கத்தில்.

"இங்கதான் கீறேன்."

பதில் சொல்லவில்லை. தொழில் பழக்கம், வாய் தானாக மூடிக்கொண்டது. குரல் வந்த இடத்தில் கையை வைத்தேன். மற்ற செங்கல் எல்லாம் காய்ந்து கிடக்க, அங்கே மட்டும் ஈரம். கடப்பாரை நுனியால் சுண்ணாம்பைச் சுரண்டி ஒரு கல்லை எடுத்தேன். கொஞ்சம் மணல் கொட்டி நின்றது. இன்னொரு கல். இன்னொன்று. கையை விட்டுத் துழாவினேன்.

ஒரு கால் கிடைத்தது.

ஜில்லென்று இருந்தது.

அந்த நேரத்தில் ஒரு நினைப்பு வந்தது பாருங்கள், என் வாழ்நாளில் அதுபோல் என்னை எதுவும் குத்தியதில்லை. 'மேலே வருவானா' என்றுதானே கேட்டோம்? உயிரோடு வருவானா என்று கேட்கவில்லையே. பிணமும்தானே மேலே வரும்?

அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. "தாயே, கீரைக்காரி கேட்ட அர்த்தம் உனக்குத் தெரியும்" என்றேன். வாய்விட்டுச் சொன்னேனா, மனதுக்குள் சொன்னேனா என்பதும் தெரியாது.

பெருவிரல் என் உள்ளங்கையை அழுத்தியது.

பிறகு என் கை எனக்கே அகப்படவில்லை. கற்களைப் பிடுங்கி எறிந்தேன். சாய்ந்த உறை ஒன்று பழைய சுவரில் முட்டிக்கொண்டு கூரை போல நின்றிருந்தது. அதன் கீழே சுருண்டு கிடந்தான். தலைத்துண்டு சரிந்து மூக்கின் மேல் விழுந்து மணலைத் தடுத்திருந்தது. இழுத்து வெளியே போட்டு, கயிற்றை அவிழ்த்து அவன் அக்குளில் கட்டி, விடாமல் சுண்டினேன். அவன் ஏறினான். ஒரு வக்கீலும் ஒரு கீரைக்காரியும் அவனை எப்படி இழுத்தார்கள் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

அவன் உடம்பு கிணற்று வாயை அடைத்தது. கீழே இருட்டு. கயிறு இல்லாமல் நான் தனியாக நின்றேன். எனக்குப் பின்னால், நான் உடைத்த பொந்துக்குள், யாரோ நகர்ந்து உட்கார்ந்தாற்போல் மணல் சரிந்தது.

ஏழுமலை மேலே போய்விட்டான். அங்கே வேறு யாரும் இல்லை.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. 'உள்ள போறவன் மேல வருவானா?' உள்ளே போனவன் இப்போது நானும்தானே? விழுந்த பூ எனக்கும் சேர்த்துத்தான் விழுந்தது. அதைச் சொல்லிக்கொண்டே சுவரைப் பார்த்து நின்றேன், கயிறு வந்து என் தலையில் படும்வரை.

வாய் நிறைய மணல்

தோப்பில் இரைச்சல் திரும்ப வந்திருந்தது. ஏழுமலை கவிழ்ந்து படுத்து மணலைத் துப்பிக்கொண்டிருந்தான். துப்பத் துப்ப வந்தது. பச்சையம்மா விரலை விட்டு வழித்து எடுத்தாள், திட்டிக்கொண்டே. வக்கீல் உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் வழிய, அதைத் தெரியாமலே அவனுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார். தீயணைப்பு வண்டி வந்து, பார்த்து, எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனது.

வெயில் தாழ்ந்த பிறகுதான் அவனுக்குப் பேச்சு வந்தது.

"நல்ல வேளைடா, ஐயர் கூப்பிட்டதும் பதில் சொன்ன. இல்லேன்னா எங்கன்னு தேடுவேன்?" என்றேன்.

"யாரு சொன்னது?"

"நீதான். இங்கதான் கீறேன்னு."

அவன் என்னையே பார்த்தான். "வாய் பூரா மணலு மேஸ்திரி. மூக்குல கொஞ்சூண்டு காத்து. அது பூடுமேன்னு மொனகக்கூட இல்ல. நான் பேசவேயில்ல."

மறுபடி கொஞ்சம் மணலைத் துப்பினான்.

"கொரலு கேட்டுச்சு," என்றான். "பக்கத்துலயே. நீங்க மேல கத்திக்கினு இருந்தது எதுவும் எனக்குக் கேக்கல. அது மட்டும் கேட்டுக்கினே இருந்துச்சு."

"யார் குரல்?"

"இன்னா மேஸ்திரி கேக்கறீங்க? உங்க கொரலுதான். உங்க ஊர் பாஷையில, பாட்டு பாடற மாதிரி. 'இருக்கேம்ல, இருக்கேம்ல'ன்னு. நீங்க அப்பவே எறங்கிட்டீங்கன்னு நெனச்சுக்கினேன். அதான் சும்மாக் கெடந்தேன்."

அந்த நேரத்தில் நான் மேலே, கால் நகராமல் நின்றுகொண்டிருந்தேன்.

"அப்போ பேசினது அம்பாளா? அவ எப்படிம்மா மெட்ராஸ் பாஷையெல்லாம் பேசுவா?" என்று வக்கீல் மெதுவாகக் கேட்டார்.

"திருவான்மியூர்ல குந்திக்கினு கீறவ பின்ன எப்பிடிப் பேசுவா ஐயரே? உங்க ஆத்துல பேசற மாதிரியா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே அது என்னைக் கூப்பிட்ட பேர். பெட்டியோடு எழும்பூரில் இறங்கின நாளிலிருந்து யாரும் கூப்பிடாத பேர். நான் எழுந்து தனியாகப் போய், தோப்பு ஓரத்தில் வாந்தி எடுத்தேன்.

கல்லில் இல்லாத பெயர்

ஏழுமலை அதற்குப் பிறகு கிணறு இறங்கவில்லை. பச்சையம்மாவோடு மார்க்கெட்டில் உட்கார்ந்து கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு, வருகிறவர்களிடம் எல்லாம் கதை சொல்லி, நல்லபடியாக வயதாகிப் போனான். புதுக் கிணற்றை மூடிவிட்டோம். மறுநாள் பழைய கிணற்றில் தண்ணீர் ஊறியிருந்தது. இளநீர் மாதிரித் தண்ணீர். வக்கீல் அந்த மூலையை அம்மனுக்கே எழுதிவைத்தார். ஓலைக் கோயில் அங்கே கல் கோயிலாக வந்தது. சுற்றிலும் இப்போது அடுக்குமாடி. கிணற்றுக்குக் கம்பி வலை போட்டு, குங்குமம் அப்பி, குரல் கிணறு என்கிறார்கள்.

போன ஆடித் திருவிழாவுக்குப் போயிருந்தேன். மைக்கில் ஒரு தம்பி கதை சொல்கிறார். பூ விழுந்ததாம், அம்மன் குரல் கொடுத்தாளாம், மணல் தானாக விலகியதாம், அடியவர் தானாக எழுந்து வந்தாராம்.

தானாக!

சுவரில் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். இடம் கொடுத்த வக்கீல் பேர் இருக்கிறது. இருக்கட்டும், கயிறு பிடித்த கை. ஏழுமலை பேர் இருக்கிறது. பச்சையம்மா பேர் இருக்கிறது, அது கட்டாயம் இருக்க வேண்டும். கம்பி வலைக்குக் காசு கொடுத்தவர் பேர்கூட இருக்கிறது. கடைசி வரியில் 'ஒரு மேஸ்திரி' என்று போட்டிருக்கிறது. ஒரு!

கோயில் கமிட்டிக்காரர்களுக்கு இதைப் பகிரங்கமாக எழுதுகிறேன். வாக்குக் கொடுத்தது அவள். குரல் கொடுத்ததும் அவளாகவே இருக்கட்டும், நான் பங்குக்கு வரவில்லை. அந்தக் குரலை அன்றைக்கு எல்லாரும்தான் கேட்டார்கள். கேட்டவர்கள் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்கள். ஓடாமல் அதை நம்பி உள்ளே போனவன் ஒருத்தன். அவள் கொடுத்த வாக்கு கீழே போய்ச் சேர ஒரு உடம்பு வேண்டியிருந்தது. அது என் உடம்பு. அந்தச் சுவரை உடைத்தது என் கை.

மெட்ராஸில் ஒருத்தருக்கும் தெரியாத காலத்திலேயே அவளுக்கு என் பேர் தெரிந்திருந்தது. வாயால் கூப்பிட்டாள். நீங்கள் கல்லில் வெட்டுங்கள். 'ஒரு மேஸ்திரி' என்பதைச் செதுக்கி எடுத்துவிட்டு, அவள் பேருக்கு அடுத்த வரியில், பெரிய எழுத்தாக:

சுடலைமுத்து.